காகிதக்கடை தாவூத் பாய் விட்டுவைத்த கட்டம்

செய்தியைக் கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர். பள்ளியில் ஓய்வு பெற்றபின் நான் செங்கல்பட்டில் மகள் வீட்டோடு இருக்கிறேன். காலையில் பால் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்தைத் தாண்டும்போது, உத்திரமேரூர் பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைப் பார்த்து ஓடிவந்தார். "மாஸ்டர், விஷயம் தெரியுமா? காகிதக்கடை பாய் பூட்டாரு. விடியக்காலம் தொழுவறதுக்கு எழுந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாராம். உங்களாண்ட சொல்லச் சொல்லி அவரு புள்ள அனுப்பிச்சாரு." பால் செம்பைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் கண்டக்டர் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

நண்பகல் தொழுகை முடிந்து அடக்கம் செய்தார்கள். நானும் மற்றவர்களைப் போல மூன்று கைப்பிடி மண் போட்டேன். அடுத்த வாரம் உத்திரமேரூர் நூலகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. நல்ல கூட்டம், பஜார் தெருவில் பாதிக் கடை அடைத்திருந்தது. பேசியவர்களில் ஒருவர் உருக்கமாகவே பேசினார். "பெரியவர்களின் கடிதங்களையும் கையெழுத்துகளையும் கண்போலக் காத்தவர் நம் பாய். அந்த மானாம்பதிக் கடிதத்தை நனைத்துக் கெடுத்தது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் நடந்த பிசகு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். நானும் முன்வரிசையில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கடிதத்தைக் கெடுத்தவர் தாவூத் பாய் இல்லை. நான். பத்து வருஷமாக ஊரில் ஒருவருக்கும் அதைச் சொல்லவில்லை. எப்படி நடந்தது, ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை முழுக்கச் சொன்னால்தான் அவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரியும். இதில் வரும் பெரிய மனிதர்களின் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்கள் கண் அங்கேதான் போகும். இது பாயைப் பற்றியது.

அவருக்கு பஜார் தெருவில் காகிதக்கடை. நோட்டுப் புத்தகம், சிலேட்டு, மைப்புட்டி, நிப்பு எல்லாம் விற்பார். பொட்டலம் மடிக்கப் பழைய காகிதமும் எடுப்பார். ஒரு நாள் ஒரு வக்கீல் வீட்டிலிருந்து மூட்டையாக வந்த பழைய காகிதத்தில் ஒரு கடிதம் அகப்பட்டது. நாடறிந்த ஒரு தமிழ்ப் பேராசிரியர் தம் கையால் எழுதியது. கல்வெட்டு பார்க்க உத்திரமேரூர் வந்தபோது வக்கீலின் தகப்பனார் வீட்டில் சாப்பிட்ட வற்றல் குழம்பைப் பற்றி ஒரு பக்கம், கல்வெட்டைப் பற்றி நாலு வரி. பாய் அதை எடுத்துக்கொண்டு உடனே வக்கீல் வீட்டுக்கு நடந்தார். "இது தெரியாம குப்பையில வந்துடுச்சுங்க" என்று நீட்டினார். வக்கீல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கு பாய் இது? நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. அதன்பின் அவர் கடைக்கு வரும் ஒவ்வொரு மூட்டையையும் ஒவ்வொரு தாளாகப் பார்த்த பிறகுதான் பொட்டலத்துக்கு விடுவார்.

நான் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். பெயர் ஏகாம்பரம். வரைதாள் வாங்கப் போய்ப் பழக்கமானவன். அவர் எனக்கு இரண்டு வயது மூத்தவர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கடிதங்களுக்குப் படியெடுக்க என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கடை அடைத்திருக்கும் நேரத்தில் பின்கட்டில் உட்காருவோம். யார் வீட்டிலாவது ஒரு பெரியவரின் கடிதம் இருப்பதாகத் தெரிந்தால் பாய் அங்கே போவார். கொடுத்தால் வாங்கிக்கொள்வார். கொடுக்க மனமில்லாதவர்களிடம் ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டு, படியெடுத்துக்கொண்டு திருப்பிவிடுவார். வாலாஜாபாத்திலிருந்து மதுராந்தகம் வரை அவருடைய சைக்கிள் போகாத ஊர் இல்லை.

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அட்டை. அட்டையில் கட்டங்கள். எழுதியவர், பெற்றவர், தேதி, எந்தத் தாள், எதனால் எழுதியது, எப்படிக் கைக்கு வந்தது, என்ன சேதம், சேதம் யாரால் என்று வரிசையாக இருக்கும். எனக்கு அந்தக் கட்டங்களைக் கண்டாலே எரிச்சல் வரும். சேதம் யாரால் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'கரையான்' என்றோ 'எலி' என்றோதான் இருக்கும். "ஏன் பாய், எலியைப் பிடிச்சு விலாசமும் கேட்டு எழுதிடலாமே" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதுவார். "எலி ஒத்துக்கினா எழுதிடலாம் மாஸ்டர்."

ஆனால் கட்டத்தைக் காலியாக விடமாட்டார். தெரியாததைத் 'தெரியவில்லை' என்று எழுதுவார். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. விடை தெரிந்த ஆள் உயிரோடு இருந்தால், அந்தக் கட்டத்தை அந்த ஆளுக்கு என்று விட்டுவைப்பார். ஒரு நாகசுர வித்துவானின் வீட்டில், பெரிய பாடகி ஒருவர் எழுதிய கடிதம் இருந்தது. தேதி இல்லை. வித்துவானின் மனைவிக்குத்தான் அது தெரியும். "நல்லா யோசிச்சு சொல்றேன்" என்று அந்த அம்மாள் சொன்னார். பாய் அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு மூன்று தடவை போனார். மூன்றாவது தடவை, தன் மூத்த மகளுக்குக் காது குத்திய வருஷம் அது என்று கண்டுபிடித்து, அந்த அம்மாள் தன் கையாலேயே எழுதினார். வருஷம் தெரிந்ததும் நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். "தெரிஞ்சவங்க இருக்கறப்ப நாம எழுதினா அது திருட்டு மாஸ்டர்" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சமயம் பிரபலமான நடிகர் ஒருவர் பயணியர் மாளிகையில் தங்கினார். ஊரே கையெழுத்து நோட்டோடு ஓடியது. நானும் அவர் படத்தை வரைந்துகொண்டு போய், அதன் கீழே கையெழுத்து வாங்கி வந்து பெருமையாகக் காட்டினேன். பாய் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "படம் பிரமாதம். ஆனா இந்தக் கையெழுத்துக்கு அட்டை போடமாட்டேன் மாஸ்டர். கேட்டதுக்காகப் போட்ட கையெழுத்துல ஆளு இல்ல. ஒரு காரியத்துக்காகப் போடறான் பாருங்க, அதுலதான் ஆளு கீறான்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு மாதம் கடைப்பக்கம் போகவில்லை. அவர் பள்ளி வாசலுக்கே வந்து, "இன்னா மாஸ்டர், படியெடுக்க ஆளில்லாம பேஜாராக் கீது" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்.

இனி அந்தக் கடிதம்.

மானாம்பதிக் காலனியில் குப்பம்மாள் என்ற ஒரு பெண்மணி. நாற்று நடவும் களை பறிக்கவும் கூலிக்குப் போகிறவர். காலனிக்காரர்களை ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்த காலத்தில், யாரையோ பிடித்து ஒரு மனு எழுதவைத்துப் பெரிய தலைவர் ஒருவருக்கு அனுப்பியிருந்தார். பதில் வரும் என்று காலனியில் ஒருவரும் நம்பவில்லை. வந்தது. தலைவர் ரயிலில் போய்க்கொண்டிருக்கும்போது தம் கையால் எழுதியது. அன்றுமுதல் யாராவது தடுத்தால் குப்பம்மாள் அந்தக் கடிதத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கிணற்றடியில் நிற்பார். தடுத்தவர்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே விலகிப் போவார்களாம். ஆக, அது வெறும் ஞாபகப் பொருள் இல்லை. காலனியில் நாற்பது வீட்டுக் குடத்துக்குத் தண்ணீர் அது.

அந்த அம்மாள் அதைச் சுருட்டி ஒரு மூங்கில் குழலில் போட்டுக் கூரையில் செருகி வைத்திருந்தார். ஆறேழு வருஷம் சுருண்டு கிடந்ததில் தட்டையாக விரியவே இல்லை. அழுத்தி விரித்தால் கிழிந்துவிடும் போலிருந்தது. பாய் நாலு தடவை நடந்த பிறகுதான் ஒரு வாரத்துக்கு என்று கொடுத்தார். "பாயி, இது பூட்சின்னா எங்க குடத்த கவுத்து வெச்சிட வேண்டியதுதான். பாத்துக்கோ" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். பாய் வாசலிலேயே உட்கார்ந்து, மெல்லப் பிரித்துப் பார்த்து, கட்டங்களை நிரப்பி, வரிகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடிதம் பின்கட்டு மேசையில் இருந்தது. பக்கத்திலேயே அட்டையும் இருந்தது. வர்ணம் தீட்டுகிற நாங்கள் தாள் சுருங்காமல் இருக்க அதை முதலில் நனைத்துப் பலகையில் நீட்டி ஒட்டுவோம். எனக்கு அது கைவந்த வேலை. இந்தச் சுருளை நீட்ட பாய் ஏன் இவ்வளவு யோசிக்கிறார், அவர் வருவதற்குள் தட்டையாக்கி வைத்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன். எழுத்து கரிப் பென்சிலால் எழுதியது போலத்தான் இருந்தது. கரிக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. ஒற்றுத்தாளை நனைத்துப் பிழிந்து, சுருள் அதிகமாக இருந்த கீழ்ப்பக்கத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினேன்.

எடுத்தபோது ஒற்றுத்தாள் ஊதாவாக இருந்தது. என் விரல்களும் ஊதாவாக இருந்தன. கடிதத்தில் கடைசி மூன்று வரிகளும் கையெழுத்தும் இருந்த இடத்தில் நாவல்பழத்தை நசுக்கியது போல ஒரு கறை.

அது காப்பியிங் பென்சில். பார்க்கக் கரிப் பென்சில் மாதிரியே இருக்கும். ஈரம் பட்டால் ஊதா மையாகக் கரையும். ரயிலில் பேனா ஒழுகும் என்று அதை வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அட்டையை எடுத்துப் பார்த்தேன். 'எதனால் எழுதியது' என்ற கட்டத்தில், பாயின் குண்டு எழுத்தில், 'காப்பியிங் பென்சில், ஈரம் ஆகாது' என்றே இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த அட்டையை நான் படிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பாய் வந்தார். பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "மாஸ்டர், கையை எடுங்க" என்று மட்டும் சொன்னார். உலர்ந்த ஒற்றுத்தாள்களை மேலும் கீழும் வைத்துக் கடிதத்தை எடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த அம்மாவுக்கு இன்னா சொல்லுவேன், யா அல்லா" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

பயத்தில் மனிதன் என்னவெல்லாம் பேசுவான்! "பாய், அவர் கையெழுத்து வேறு கடிதத்தில் நம்மிடம் இருக்கிறது. அதைப் பார்த்து இன்று சாயந்திரத்துக்குள் இதிலேயே போட்டுத் தந்துவிடுகிறேன். அவர் பெண்சாதிக்கே வித்தியாசம் தெரியாது" என்றேன். செய்யவும் செய்திருப்பேன், என் கை அப்படி. பாய் நிமிர்ந்து பார்த்தார். "அவரு பொண்டாட்டிக்குத் தெரியாது. இந்த அட்டைக்குத் தெரியும். ஒரு கையெழுத்த நாம போட்டா, இந்தப் பொட்டில இருக்கற அத்தனையும் நாம போட்டதா ஆயிடும் மாஸ்டர்." பிறகு பேனாவை எடுத்தார். 'என்ன சேதம்' என்ற கட்டத்தில் எந்த வரி முதல் எந்த வரி வரை அழிந்தது, எப்போது, எப்படி என்று எழுதினார். அழிந்த வரிகளையும், கையெழுத்து எங்கே தொடங்கி எப்படி முடிந்தது என்பதையும், தான் மானாம்பதியில் குறித்துவந்ததைப் பார்த்து எழுதினார். 'சேதம் யாரால்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மறுநாளே மானாம்பதிக்குப் போனோம். போவதற்கு முன் நான் கையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்தேன், சாம்பலால் தேய்த்தேன், செங்கல் தூளால்கூடத் தேய்த்தேன். ஊதா போகவில்லை. பஸ்ஸில் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன்.

குப்பம்மாள் அப்போதுதான் வயலிலிருந்து திரும்பியிருந்தார். பாய் நின்றபடியே சொன்னார். "அம்மா, உங்க கடுதாசி எங்கிட்ட கெட்டுப்போச்சு. தண்ணி பட்டு அவரு கையெழுத்து அழிஞ்சுடுச்சு. நீங்க எங்கிட்ட குடுத்தீங்க, நான்தான் பதில் சொல்லணும்." அந்த அம்மாள் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. "கூரை ஒழுவி மழ பெஞ்சப்பகூட கொழல மடியில வெச்சிக்கினு குந்தினு இருந்தேன் பாயி. என் புள்ளைங்க நனஞ்சுது, இது நனையல. படிச்சவங்க நீங்க, ஒரு வாரம் வெச்சிக்க முடியலியா?"

நான் துண்டுக்குள் கையை இறுக்கிக்கொண்டேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஏதோ இடித்தது. வாய் திறக்கவில்லை. மாணவர்களின் தாளில் தப்புக் கோட்டைச் சிவப்பு மையால் சுழிக்கிற டிராயிங் மாஸ்டர், ஒரு கூலிக்காரப் பெண்மணியின் முன் தப்பை ஒப்புக்கொள்வதா என்ற வறட்டுக் கௌரவம். வேறு ஒன்றும் இல்லை.

பாயைக் கடிதத்தைப் படிக்கச் சொன்னார் அந்த அம்மாள். பாய் படித்தார். "திருமதி குப்பம்மாள் அவர்களுக்கு. உங்கள் மனு கிடைத்தது. பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க உங்களுக்கு உள்ள உரிமையை யாரும் தடுக்க முடியாது. கலெக்டருக்கு எழுதியிருக்கிறேன்." அதற்கு மேல் கறை. பாய் அட்டையைப் பார்த்துத் தொடர்வதற்குள் அந்த அம்மாளே சொல்லிவிட்டார். "மறுபடியும் தடுத்தால் எனக்கு எழுதுங்கள். ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்." எழுதப் படிக்கத் தெரியாதவர்; ஓர் எழுத்து பிசகாமல் சொன்னார். பிறகு தாளின் தலைப்பில் விரலை வைத்து, "எம் பேரு கீதா?" என்று கேட்டார். "கீதும்மா, அப்படியே கீது" என்றார் பாய். "நாளைக்கு எவனாச்சும் இது அவுரு எழுதினதான்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" "ஆளனுப்புங்க. நான் வந்து சொல்றேன்."

கிளம்பும்போது அந்த அம்மாள் இருவருக்கும் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு இன்னொன்று கேட்டார். "உன் பொட்டில இந்த அட்டைய எந்தப் பேருல வெச்சிக்கிற?" தலைவர் பெயரில் என்றார் பாய். "அவுரு எத்தினி பேருக்கு எழுதினாரோ. எனக்கு வந்தது இது ஒண்ணுதான்" என்றார் குப்பம்மாள். பஸ்ஸில் பாய் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவருடைய அட்டவணையில் ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுதியவர் பெயரில் ஓர் அட்டை, பெற்றவர் பெயரில் ஓர் அட்டை என்று ஆனது. முன்பு போட்ட நானூற்றுச் சொச்சம் கடிதங்களுக்கும் புதிதாக எழுதினார். அதில் முதல் அட்டை குப்பம்மாளுடையது. பழைய அட்டையில் இருந்ததையெல்லாம் அப்படியே அதில் எடுத்தெழுதினார். அந்தக் காலிக் கட்டத்தையும் காலியாகவே எடுத்தெழுதினார்; தலைவர் பெயரிலிருந்த பழைய அட்டையில் அந்த இடத்தில் 'கு வரிசையில் காண்க' என்று மட்டும் போட்டார்.

அடுத்த கோடையில் ஆள் வந்தது. ஏரி வற்றி, கிணற்றில் தண்ணீர் இறங்கியதும் பழையபடி தடுத்தார்கள். குப்பம்மாள் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். "சாயம் போன காயிதத்த காட்டி யாரை ஏமாத்தற?" என்று ஒருவர் அதைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். பாய் அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். நானும் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து நின்றிருந்தார். சுற்றிலும் ஊரே இருந்தது.

பாய் கூட்டத்தின் நடுவே நின்று அட்டையைப் படித்தார். அழிந்த வரிகளைப் படித்தார். "இது அவரு கையால எழுதினதுதான், நான் கண்ணால பாத்து எழுதி வெச்சேன். எங்கடையில வெச்சுதான் கெட்டுது. எங்க தப்பு. இந்த அம்மா மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். "கடுதாசிய ஒழுங்கா வெச்சிக்கத் துப்பில்ல, சாட்சி சொல்ல வந்துட்டான்" என்று யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "தன் தப்பையே இப்படித் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கிற ஆளு, மத்ததுல எதுக்குய்யா பொய் எழுதப் போறான்?" என்றார். சட்டமும் அதுதான் சொல்கிறது, தடுத்தால் வழக்குப் போடுவேன் என்று எச்சரித்தார். கூட்டம் கலைந்தது. குப்பம்மாள் குடத்தை இறக்கித் தண்ணீர் இழுத்து, முதலில் பாய்க்குத்தான் ஊற்றினார். பாய் இரண்டு கையையும் குவித்துக் குடித்தார். நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருந்தேன்.

கிணறு பிழைத்தது. பாயின் பெயர் பிழைக்கவில்லை. காகிதக்கடை பாய் கடிதத்தை நனைத்துவிட்டார் என்று சந்தையிலும் பஸ்ஸிலும் பேச்சு. அந்த வக்கீல், வேண்டாம் என்று கொடுத்த கடிதத்தையே ஆள் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டார். காஞ்சிபுரத்தில் ஓர் அன்பர் தம் தாத்தாவின் கடிதப் பெட்டியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதன்பின் கதவைத் திறக்கவே இல்லை. "இந்தாங்க பாய், ஒரு வாரத்துக்கு" என்று கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், "இங்கேயே பாத்துட்டு வெச்சுடுங்க" என்றார்கள். அவரும் அவரவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து முழங்காலில் பலகையை வைத்துப் படியெடுத்தார். ஐம்பது வயது மனிதர் அப்படிக் குனிந்து எழுதுவதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். ஆனாலும் பேசவில்லை.

அவர் என்னிடம் காட்டிய முகம் மாறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தேநீரும் அரட்டையும் நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை, நான் ஓய்வு பெற்று ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம், அட்டைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கு வரிசையில ஒரு கட்டம் பாக்கி கீது மாஸ்டர். சௌகரியப்படறப்ப பாருங்க." நான் காதில் விழாதவன் போலப் பஸ் நேரத்தைப் பற்றிக் கேட்டேன். அவரும் பஸ் நேரத்தைச் சொன்னார்.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் அவர் மகன் யூசுப் அட்டைப் பெட்டிகளை என்னிடம் ஒப்படைத்தார். "வாப்பா உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு மாமா" என்றார். அன்று நான் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறவில்லை. மானாம்பதிக்குப் போனேன்.

குப்பம்மாளுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பாய் போய்விட்டார் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "எங்க கெணத்தாண்ட வந்து நின்ன மனுசனாச்சே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன். "அம்மா, அந்தக் கடிதத்தை நனைத்தது அவர் இல்லை. நான்."

அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அது அன்னிக்கே தெரியும் வாத்தியாரே" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"பாயி கடுதாசிய நீட்டினப்ப அவுரு வெரலு சுத்தமா இருந்துச்சு. நீ துண்டுக்குள்ள கைய ஒளிச்சிக்கினு நின்ன. தண்ணி குடுத்தேன், சொம்ப வாங்கினியே, கையி பூரா ஊதா. நீ முன்னால நடந்துட்ட, நான் அவுருகிட்ட கேட்டேன், இன்னா பாயி, அவரு பண்ணதுக்கு நீ ஏன் திட்டு வாங்கறன்னு. அவரே சொல்லுவாரும்மா, நாம அவசரப்படுத்தக் கூடாதுன்னாரு. நானும் பாத்துக்கினே இருந்தேன். பத்து வருசம் ஆக்கிட்டியே வாத்தியாரே, அந்த மனுசன் இருக்கறப்ப சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் வாசலில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மாள் உள்ளே போய், பாய் வாங்கிக் கொடுத்த தகர டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். திறந்தேன். தாள் தட்டையாக இருந்தது. கறை கொஞ்சம் வெளுத்திருந்தது. தலைப்பில் அவர் பெயர் அப்படியே இருந்தது.

பாயின் பொக்கிஷம் முழுவதையும் நூலகத்துக்குக் கொடுத்துவிட ஏற்பாடு செய்துவிட்டேன். கடிதங்களும் அட்டைகளும் அங்கேதான் இருக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். எனக்கென்று அவர் மூடி வைத்த அந்தப் பேனாவை மட்டும் யூசுப்பிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் கு வரிசையை எடுத்து, அந்தப் பேனாவால், 'சேதம் யாரால்' என்ற கட்டத்தில் எழுதினேன்: 'ஏகாம்பரம், டிராயிங் மாஸ்டர். அட்டையைப் படிக்காமல் நனைத்தேன்.' கீழே தேதியும் போட்டேன். மை உலரும்வரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பாய், உங்கள் பெட்டியில் காலிக் கட்டம் இப்போது ஒன்றும் இல்லை.